விற்பவர் எண் நாற்பத்தேழு

"அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கினார் பலவேசம்.

அந்த மாடி அறையில், அவரோடு வந்த இரண்டு பேரைத் தவிர, சுகிர்தா ஒருத்திதான் இருந்தாள்.

அச்சக அதிபர்கள் சங்கத் தலைவருக்கு ஆள் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் அது மாநாடுதான். செயலாளர் முத்துக்கருப்பன் பழக்கதோஷத்தில் கைதட்டப் போய், இது மேடை இல்லை என்று நினைவு வந்து, உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சுகிர்தா பழைய மிஷின்களை ஏலம் விடும் இணையதளம் ஒன்றை நடத்துகிறாள். அதில் யாரோ ஒருவர் நாலு கலர் ஆப்செட் மிஷினை விற்பனைக்கு வைத்திருக்கிறார். பெயர் கிடையாது. 'விற்பவர் எண் நாற்பத்தேழு'. அவ்வளவுதான்.

ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் ஆல்பம் இறக்குகிற ஊர் சிவகாசி. ஆனி மாதத்தில் ஒருவர் மிஷினை விற்கிறார் என்றால், ஆள் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். பெயர் மட்டும் வெளியே வரட்டும். மறுநாளே பேப்பர் லோடு வராது. ஏஜெண்டுகள் ஆர்டரை வேறு பக்கம் திருப்புவார்கள். பேசி முடித்த சம்பந்தம் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்கும்.

அந்தப் பெயரைத்தான் கேட்டு வந்திருந்தார்கள். நேரில் பார்த்து ஆறுதல் சொல்வதற்காம்.

யோசனை முத்துக்கருப்பனுடையது. அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. தலைவர் முதலில் கொஞ்சம் இழுத்தார். கூட்டம் மொத்தமும் கைதூக்கிய பிறகு, வேறு வழியில்லாமல் தலைமை ஏற்றார்.

ஏற்றபின் குறை வைக்கவில்லை. வணிக அறம் பற்றிப் பேசினார். வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசினார். பொருளாளர் செந்தூர்பாண்டி ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் தலையாட்டினார்.

சுகிர்தா வாங்கி வைத்திருந்த டீ ஆறி ஆடை கட்டியது.

"ஒரு பேரு எதுக்கு? இதுவரைக்கும் யார் யார் வித்தாக, என்ன வெலைக்கு வித்தாகன்னு மொத்த விவரமும் சங்கத்துக்கு வரணும்" என்று முடித்தார் பலவேசம்.

"அம்புட்டும் எதுக்கு அண்ணாச்சி?" முத்துக்கருப்பன் அவசரமாகக் குறுக்கிட்டார். "நாப்பத்தேழு மட்டும் போதும்."

"ஆமா ஆமா, அது போதும்" என்றார் செந்தூர்பாண்டி, அவரைவிட அவசரமாக.

சுகிர்தா மூவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"நாப்பத்தேழும் கெடையாது, மத்ததும் கெடையாது. பேரு வெளிய போகாதுன்னு வாக்குக் குடுத்துத்தான் வாங்கி வச்சிருக்கேன்."

"சங்கத்து ஆளு ஒருத்தரும் இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாக. பாத்துக்கோ தாயி" என்றார் பலவேசம்.

வெறும் மிரட்டல் இல்லை அது. அவளுடைய தொழில் மொத்தமும் இந்த ஊரை நம்பித்தான். சங்கம் முகத்தைத் திருப்பினால் அடுத்த மாத வாடகைக்கே வழியிருக்காது. அது அவளுக்கும் தெரியும். விரல்கள் டீ கிளாஸை இறுக்கிப் பிடித்திருந்தன.

"சரி அண்ணாச்சி, கடையைச் சாத்திருதேன். சாத்துனாலும் பேரைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்களே விக்க வந்து, இவுக ரெண்டு பேரும் வந்து கேட்டாலும் இதே பதில்தான்."

"நான் எதுக்கு விக்கேன்?" என்றார் பலவேசம். குரல் மேடையிலிருந்து ஒரு படி இறங்கியிருந்தது.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்த திரையில், அந்த மிஷினின் விலை ஒரு படி ஏறியது.

அறைக்குள் ஒரு மணி அடித்தது. கோயில் மணி மாதிரி, ஒரே ஒரு தரம்.

மூன்று கைகள் மூன்று சட்டைப் பைகளுக்குப் போயின.

போன் வெளிச்சம் ஒரு பையில்தான் வந்தது. தலைவரின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்குள் அது பளிச்சென்று தெரிந்தது.

பலவேசத்தின் நெற்றியில் வியர்வை திருநீற்றை நனைத்து இறங்கியது. அவருடைய மூத்தவளுக்கு ஆவணியில் கல்யாணம்.

சுகிர்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீபோர்டில் எதையோ தட்டினாள்.

"புதுசா ஒரு அலாரம் வச்சு டெஸ்ட் ஓட்டுதோம் அண்ணாச்சி. சைட்டுல நம்பர் குடுத்த யாருக்கு வேணா வரும். கண்டுக்கிடாதீக."

திரையில் விலை மறுபடி ஏறியது. இம்முறை மணி அடிக்கவில்லை.

பலவேசம் ஆறிப்போன டீயை எடுத்து, ஆடையோடு சேர்த்து, ஒரே மடக்கில் குடித்தார்.

"பிள்ளை சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்கு" என்று தொண்டையைச் செருமினார் முத்துக்கருப்பன். "விட்ருவோம் அண்ணாச்சி."

"விட்ருவோம்" என்றார் செந்தூர்பாண்டி.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சங்கத்தின் வரலாற்றில் சத்தம் இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

படியில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முத்துக்கருப்பன் கடைசியாக இறங்கினார்.

டெஸ்ட்டாவது, ஒன்றாவது. ஏலத்தில் விலை ஏறும்போது விற்கிறவருக்கு மட்டும் கேட்கும் மணி அது. போன மாசியில் அவருடைய கட்டிங் மிஷின் போனபோது, பெண்டாட்டிக்குத் தெரியாமல் குளியலறைக்குள் போனை வைத்துக்கொண்டு அவர் கேட்ட மணி.

தன் பழைய மிஷினை ஏதோ தொழிற்பயிற்சிப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி, அதற்குப் பொன்னாடையும் போர்த்திக்கொண்ட செந்தூர்பாண்டி, கை இன்னும் சட்டைப் பையிலேயே இருக்க, முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

மூன்று பேரையும் எதிரில் உட்காரவைத்து அம்புட்டுப் பேச்சையும் கேட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.