மாசி மகத்து லாரி

“எந்தப் படுபாவியோ வேணும்னே செஞ்ச வேலைய்யா இது!” லாரியிலிருந்து இறங்கும்போதே ராஜமாணிக்கம் கத்தினார். “செம்மங்குப்பம் தாண்டுறதுக்குள்ள, சைக்கிள்ல மீன் விக்கிறவன் என்னை முந்திக்கிட்டுப் போறான்!”

கடலூர் முதுநகரில் பழைய பெட்ரோல் லாரியில் இன்னும் கை வைக்கிற மெக்கானிக் லூர்துசாமி ஒருவர்தான். அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“இது ஒங்க மச்சான் ஸ்ரீதர் வண்டியாச்சே அண்ணே?”

“போன வாரத்துலேருந்து என் வண்டி. என் குட்டியானைய அவனுக்குக் குடுத்துட்டு இத மாத்திக்கிட்டேன்.”

குட்டியானை என்கிற அந்தச் சின்ன லோடு வண்டி புதுசு மாதிரி ஓடும். அதைக் கொடுத்துவிட்டு இந்தக் கிழட்டு லாரியை எவனாவது வாங்குவானா? ராஜமாணிக்கம் வாங்கினார். எல்லாம் மாசி மகத்துக்காக.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் ஊர் அம்மன், தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போவது இந்த லாரியில்தான். அம்மன் ஏறும் வண்டி யாருடையதோ, அவன் தலைக்குத்தான் பரிவட்டம். வருஷா வருஷம் அதை மச்சான் தலையில் பார்த்துப் பார்த்து இவருக்கு வயிறு எரிந்தது.

நாளை மறுநாள் மகம்.

“லூர்து, முன்னாடி ஒண்ணும் நோண்டாத. பின்னாடி சைலன்சர மட்டும் பாரு, போதும்.”

“இருங்கண்ணே, வண்டியே சொல்லட்டும்.” லூர்துசாமி வேக்குவம் கேஜை எடுத்து வந்தார். இஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் அதன் ட்யூபை மாட்டினால், எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று ஊசி காட்டிவிடும்.

ராஜமாணிக்கம் கேஜின் வட்ட மூஞ்சியை முறைத்தார். அவர் யாரையும் நம்ப மாட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது, அவரையும் யாரும் நம்புவதில்லை.

வண்டி கிளம்பியது. ஊசி ஏறியது, ஓர் இடத்தில் நிற்காமல் வெட்டி வெட்டி ஆடியது. லூர்துசாமி ஆக்சிலேட்டரைப் பிடித்து வைத்தார். ஆடிக்கொண்டே ஊசி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

“பொகை வெளிய போவல. பின்னாடி அடைச்சிருக்கு.”

“நான் சொல்லல? மச்சான் வேலைதான்! பரிவட்டத்த விட மனசில்ல அவனுக்கு!”

லூர்துசாமி குறடோடு வண்டிக்கடியில் படுத்தார். சைலன்சர் வாய்க்குள் களிமண் பூசிய சாக்கு ஒன்று திணித்துக் கிடந்தது. லேசில் வரவில்லை. குறுக்கே கம்பி போட்டு இறுக்கி முறுக்கியிருந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“கம்பியா?” ராஜமாணிக்கம் முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே சமாளித்துக்கொண்டார். “சரி, போவட்டும். இப்ப போடு ஸ்டார்ட்ட, பறக்கும் பாரு!”

பறக்கவில்லை. ஊசி இப்போது கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான். அதே வெட்டு, அதே ஆட்டம். லாரி குளிர் ஜுரம் வந்தது போல உதறியது.

“ஊசி இப்புடி வெட்டுச்சுன்னா வால்வு கருகிடுச்சுன்னு அர்த்தம்ணே. இஞ்சின் ஹெட்டக் கழட்டி எறக்கணும். இதுக்கு சாமான் தேடவே ஒரு மாசம் ஆவும்.”

“யோவ், நாளன்னைக்கு மகம்யா! அம்மன் எதுல போவும்?”

“குட்டியானைலதான். ஒங்க மச்சான் நேத்துதான் இங்க வந்து அதுக்கு சீரியல் லைட்டு மாட்டிக்கிட்டுப் போனாரு. ஊர்ல பேசி முடிச்சாச்சாம்.”

ராஜமாணிக்கம் பழைய டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். மறுபடியும் பரிவட்டம் மச்சான் தலைக்கு. அதுவும் இவர் வண்டியை வைத்து!

ஆத்திரத்தில் வாய் உளறிவிட்டது. “நான் அடைச்சது சைலன்சர மட்டுந்தானேய்யா! வண்டி இழுக்கலன்னா மச்சான் வெறுத்துப்போய் எங்கிட்டத் தள்ளிவுடுவான்னுதான் சாக்கத் திணிச்சேன். வால்வுல நான் கையே வெக்கலியே!”

லூர்துசாமி ஆச்சரியப்படவில்லை. கேஜைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

“வால்வு பொங்கலுக்கே போயிடுச்சுண்ணே. ஒங்க சாக்கப் பாத்துட்டு மச்சான் இங்க ஓடியாந்தாரு. ‘வண்டி மாத்துறதுக்குள்ள இது கழண்டு வுழுந்துச்சுன்னா, வால்வு போனது மாமாவுக்குத் தெரிஞ்சுடும்’னாரு.”

“அப்ப... அந்தக் கம்பி?”

“நான்தான் கட்டுனேன்.”