நாற்காலிச் சர்க்கரை

எந்த மரத்தையும் நார், சர்க்கரை, கருப்புப் பிசின் என்று பிரித்துவிடும் ஆலையில் சவரிராயனுக்கு வேலை. வருகிற மரமெல்லாம் ஒரே கொப்பரையில்தான் வேகும்.

அன்று நிறைமாதக்காரி பூங்கோதை ஒரு தேக்கு நாற்காலியோடு வந்து நின்றாள்.

"இதை மட்டும் தனியா போடுங்கண்ணே. அப்பா உக்காந்தது. பேரப்பிள்ளைக்கு நான்தான் சேனை வைப்பேன்னு சொல்லிட்டே இருந்தாரு. போன மாசம் போயிட்டாரு."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பை வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சவரிராயன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தான். உள்ளங்கை பட்டுப்பட்டு வழவழவென்றிருந்தது. கொப்பரையைக் கழுவினான்.

மாலையில் ஒரு படி சர்க்கரை தேறியது. பொட்டலச் சீட்டில் 'எந்த மரம்?' என்று கேட்டிருந்தது. தேக்கு என்று எழுதியவன், அதை அடித்துவிட்டு, தாத்தா என்று எழுதினான்.