யாரும் தொடவில்லை

"இந்தப் பிளாப்பியை யாரும் தொட்டாகளா, அன்னத்தாயி?" என்று லூர்துநாதன் சார் கேட்டார்.

இல்லையென்று தலையாட்டினேன்.

அன்று விஜயதசமி. எங்கள் கம்பம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் கம்ப்யூட்டர் வகுப்பு. அதை நடத்த மதுரையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவர் சார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் அங்கே பெருக்கித் துடைப்பவள். இரண்டு நாள் முன்பு திரையில் என் பெயரை அடித்துக் காட்டி, "சாப்ட்வேரோட உன் பேரும் இனி இதுக்குள்ளதான் இருக்கும்" என்று அந்தக் கறுப்புப் பிளாப்பித் தகட்டைக் காட்டியிருந்தார்.

இப்போது அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் எதுவும் ஓடவில்லை.

"என்ன சார், டிவி ரிப்பேரா?" என்று வாசலில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

முதலாளி பொன்னுராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "நேத்து ஆயுத பூசைக்கே வராத ஆளு தொட்டா மெஷினு எப்படிய்யா ஓடும்? நான் வேற வாத்தியாரு பாத்துக்கிறேன், நீ கெளம்பு!"

சார் பிளாப்பியை வெளியே எடுத்துத் திருப்பினார். உள்ளிருக்கும் தகடு தெரியும் அடிப்பக்கத் திறப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

முந்தின நாள் பூசையில் டைப்ரைட்டர்களுக்கெல்லாம் பொட்டு வைத்தவள் நான்தான். என் பெயர் இருக்கிறதே என்று, பிளாப்பிக்கு மட்டும் பெரிய பொட்டாக வைத்தேன்.

சந்தனமும் குங்குமமும் படிந்த என் நகங்களை அவர் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவர் வேலை தப்பும், என் வேலை போகும். கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன்.

முதலாளி பார்ப்பதற்குள் சார் அந்தப் பொட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.