குளியலறைக் கதவின் லத்தீன்

காலை ஆறு மணிக்கு எழுந்தான். போர்வையை மடித்தான். குளியலறைக் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்க்காமல், அதில் இருப்பதை இரண்டு தடவை சொன்னான். உள்ளே போனான்.

ஃபிரிட்ஜ் சீட்டை இரண்டு தடவை. பால் எடுத்தான்.

செருப்பு அலமாரிச் சீட்டை இரண்டு தடவை. குப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

மனைவி தொடங்கிவைத்தது. சீட்டுக்கு ஒரு லத்தீன் பழமொழி. அதில் வழிக்கு வராத வினைச்சொல் ஒன்று, சிவப்பு மையில். இரு, போ, கொண்டுவா, விரும்பு என்று தினமும் புழங்குகிற சொற்கள்தான் அந்த மொழியில் எந்த விதிக்கும் அடங்காதவையாம். தனியாகப் படித்தால் மண்டையில் ஏறாது, பழமொழியோடு படித்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் போகிற லத்தீன் வகுப்பு ஆசிரியையின் கட்சி.

எதற்கு லத்தீன் என்று கேட்டான். திட்டினால் உனக்குப் புரியக் கூடாது, அதற்குத்தான் என்றாள்.

அப்படியானால் வீடெல்லாம் ஒட்டியிருக்கக் கூடாது. சீட்டைச் சொல்லாமல் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது என்று சட்டம் வேறு. இரண்டே மாதத்தில் திட்டு முழுதும் அவனுக்குப் புரிந்தது. குழாய் சரிசெய்ய வந்தவர்கூட முணுமுணுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஒரு சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போகிற வழியில் ஒரு லாரி. ஆறு மாதம் ஆகிறது.

இன்று மாமியார் வந்து சமையலறையில் இருந்தபோது அந்த ஆசிரியையும் வந்திருந்தாள். கையில் மாமியார் அச்சடித்து அனுப்பிய நினைவு அட்டை. மகளின் படம். கீழே, ‘கடைசி வார்த்தைகள்’ என்று ஒரு லத்தீன் வரி.

அந்த வரி கிடைத்த பிறகுதான் மாமியார் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி உச்சரிப்புகூடப் படிந்துவிட்டது.

ஆசிரியை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இது பதினாலாவது பாடம். அவங்க ஒன்பதாவது பாடத்தோட...”

அட்டையை மேசைமேல் வைத்தாள்.

ஒன்பதாவது பாடத்துக்குப் பிந்தைய சீட்டுகள் அவன் கையெழுத்தில் இருந்தன. புத்தகம் பாதியில் நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. வாரம் ஒரு பாடமாகப் படித்து ஒட்டிக்கொண்டு வந்தான். கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் போனில் அழுதுகொண்டே கேட்ட அன்று, ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றிருந்தான். கண்ணெதிரே இருந்ததைப் படித்துவிட்டான்.

சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“மூணு மாசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேனே மாப்பிள்ளை! அப்ப நிஜமா என்னதான் சொன்னா?”

கரண்டியை அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் குளியலறைக் கதவைப் பார்த்தான். அந்தச் சனிக்கிழமை இதே வாசலில் நெளிந்துகொண்டு நின்றான். அவசரம். அவசரத்தில் லத்தீன் வரவில்லை. அவள் ஒரு காலில் செருப்போடு, சீட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவன் தவிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையை எடுத்தாள்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

“சரி, போய்த் தொலை. இன்னைக்கு விட்டுட்டேன். நாளையிலேர்ந்து ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் உள்ள போகணும்.”