கொடியில் ஆண் சட்டைகள்

வானத்திலிருந்து பார்த்தால் ஒரு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத் துணிக்கொடி சொல்லிவிடும். அதனால்தான் ராணுவம் இந்த வேலையைப் பெண்களிடம் கொடுத்திருந்தது. எதிரி நாட்டு மொட்டைமாடிகளின் படங்கள் தூத்துக்குடியில் செண்பகவல்லியின் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். கொடியில் பெண்கள் துணியோ குழந்தைத் துணியோ கிடந்தால் குடும்பம். பச்சையை அழுத்த வேண்டும். ஆண்கள் உடுப்பு மட்டும் கிடந்தால் படை தங்கும் இடம், சிவப்பு. சிவப்பு விழுந்த வீடு மாலைக்குள் இருக்காது.

குழம்பைக் கிண்டியபடியே அடுத்த படத்தைப் பார்த்தாள். நாலைந்து சட்டைகள் மட்டும். சிவப்பை அழுத்தினாள்.

"செண்பகா, மழை வருது! துணிய எடுட்டி!" பக்கத்து மாடியிலிருந்து ஜெசிந்தா அக்கா கத்தினாள்.

மாடிக்கு ஓடியவள் கொடியருகே நின்றுவிட்டாள். காற்றில் ஆடியவை எல்லாம் போர்முனைக்குப் போன கணவனின் சட்டைகள். ஆண் இல்லாத வீடென்று திருடனுக்குத் தெரியக்கூடாதே என்று அவள்தான் அவற்றை நனைத்து நனைத்துப் போட்டு வந்தாள். அவள் துணியும் மகள் துணியும் உள்ளறையில் காய்ந்தன.

அந்தச் சிவப்பு வீட்டிலும் அப்படித்தானோ?

கீழே ஓடி, போனை எடுத்தாள். அழுத்தியதை மாற்ற வழியில்லை. அதற்குள் அடுத்த வீடு வந்திருந்தது.

அந்த நாட்டிலும் ஒருத்தி அடுப்படியில் போனோடு நிற்பாள்.

உள்ளறைத் துணிகளை அள்ளிக்கொண்டு மறுபடி மாடிக்கு ஏறினாள். மழை பிடித்துக்கொண்டது.

"கொட்டுற மழையில துணி காயப் போடுதியே, கிறுக்கு புடிச்சிருக்காட்டி?"

செண்பகவல்லி கணவனின் சட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். மகளின் மஞ்சள் கவுனை வானம் பார்க்க விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள்.