எந்த வீட்டு வாள்?

கல்யாணக் கேக்கை எந்த வீட்டு வாளால் வெட்டுவது என்று இரண்டு மாதமாகச் சண்டை.

மாப்பிள்ளையின் தாத்தா பெர்சிவல் வீட்டில் ஒன்று இருந்தது. பெண்ணின் அம்மா ஹெஸ்டர் வீட்டில் இன்னொன்று. இரண்டுமே விக்டோரியா ராணி காலத்து ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியவை.

"எங்க கொள்ளுத்தாத்தா சூடான் சண்டையில இதால ஒன்பது பேரைச் சாய்ச்சாரு," என்றார் பெர்சிவல்.

"எங்க கொள்ளுத்தாத்தா பதினொண்ணு," என்றாள் ஹெஸ்டர்.

கூடத்துக்கு வாடகை கொடுத்தவர் பெர்சிவல். அவர் வாளே ஜெயித்தது. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தன் வீட்டு வாளையும் காரில் போட்டுக்கொண்டுதான் வந்தாள் ஹெஸ்டர்.

மணமக்கள் வாளைப் பிடித்து அழுத்தினார்கள். கேக்கின் வெள்ளைப் பூச்சு அசையவில்லை. இன்னும் அழுத்தினார்கள். மேலடுக்கு சறுக்கி, மணப்பெண்ணின் செருப்பில் விழுந்தது.

ஹெஸ்டர் தன் தம்பியை முழங்கையால் இடித்தாள். பார்னபி பழைய வாள்கள் விற்பவன். சேகரிப்பவர்கள் லண்டனிலிருந்து வந்து அவனிடம் யோசனை கேட்பார்கள்.

"டேய், போய்ப் பாரு. நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

பார்னபி வாளை வாங்கினான். கைப்பிடியில் ராணியின் முத்திரை பளபளத்தது. விளிம்பில் கட்டைவிரலை வைத்து நுனிவரை இழுத்தான். பெர்சிவலின் முகம் வெளுத்தது.

"வாள் அருமையான வாள்," என்றான் பார்னபி. "கேக்குதான் கல்லு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"சூடானையே ஜெயிச்ச வாளு! சம்பந்தியம்மா கேக்கு முன்னாடி தோத்துடுச்சே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் பெர்சிவல். வெளுத்த முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

இலையுதிர் காலத்திலேயே ஹெஸ்டர் தன் கையால் சுட்டு, வாராவாரம் பிராந்தி ஊற்றி வளர்த்த கேக் அது. அவள் அழுதுகொண்டே சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே பார்னபி வந்தான்.

"சொந்த அக்காவை இத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே. நீயெல்லாம் ஒரு தம்பியா?"

"கேக்குல ஒரு குறையும் இல்லக்கா. அந்த வாள்தான் மொண்ணை."

"என்னது?"

"அதிகாரிங்க சொந்தக் காசுல வாங்கின வாள் அது. கடையில மொண்ணையாத்தான் குடுப்பாங்க. சண்டைக்குப் போன்னு உத்தரவு வந்தாத்தான் சாணை பிடிப்பாங்க. கிழவர் வாள் சாணைக்கல்லையே பார்த்ததில்ல. அணிவகுப்பையும் விருந்தையும்தான் பார்த்திருக்கு."

ஹெஸ்டரின் அழுகை சட்டென்று நின்றது.

"பாவி! அதை அங்கயே சொல்றதுக்கு என்னடா? கார்ல இருந்து நம்ம வாளைக் கொண்டுவந்து ஒரே வெட்டா வெட்டிக் காட்டியிருப்பேன்ல?"

பார்னபி போய்க் கதவைச் சாத்தினான்.

"அதுக்குப் பயந்துதான் சொல்லல. நம்ம வாளோட விளிம்பை நீ என்னைக்காவது தொட்டுப் பார்த்திருக்கியாக்கா?"