புதருக்குள் போன பந்து

குற்றாலம் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் மகாதேவன் அடித்த பந்து, இன்றும் மூங்கில் புதருக்குள் போய் விழுந்தது.

"ஏழு நாளா இதே கதைதான் அண்ணாச்சி! போட்டிக்கு உங்க பேர எப்படிக் குடுக்க?" என்றாள் பயிற்சியாளர் சத்யபிரியா.

"தேடிட்டு வாரேம்மா" என்று புதருக்குள் நுழைந்தவர், பத்து நிமிடமாகியும் திரும்பவில்லை. பாம்பு கீம்பு கடித்துவிட்டதோ என்று பதறி ஓடினாள்.

உள்ளே அவர் பைனாகுலரோடு குப்புறப் படுத்திருந்தார்.

"சத்தம் போடாத. அங்கன பாரு, ஆறுமணிக்குருவி! பந்து தேடுதவங்க மட்டும்தான் இதுக்குள்ள வரலாம்னு போர்டு வச்சிருக்கிய. நான் வேற என்ன செய்ய?"

சத்யபிரியா திரும்பி, அவர் பந்தடித்த இடத்தைப் பார்த்தாள். நூற்றைம்பது கெஜமாவது இருக்கும்.

"அப்போ ஏழு நாளும் குறி பார்த்தா அடிச்சிய?"

"பின்னே?"

"பேரக் குடுத்துருதேன் அண்ணாச்சி. போட்டியன்னைக்குக் குழிக்குள்ள குருவி இருக்குன்னு மட்டும் நெனச்சுக்கிடுங்க!"